சொல் விளக்கம்: ஈர்ப்பு நிலையாற்றல்

மதுரை அனுப்பானடியில் என் வீட்டு மாடியில் சாயங்காலம் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். எல்லாரும் தமிழ்வழிப் பிள்ளைகள். போன வாரம் பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி போனை என் பக்கம் நீட்டினாள்.

"சார், இதுல சாத்தியமான ஆற்றல்னு போட்டிருக்கு. அப்படின்னா அந்த ஆற்றல் இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்னு அர்த்தமா சார்?"

ஏதோ ஒரு பாடக் காணொளி. கீழே தமிழ் எழுத்து ஓடுகிறது: "உயரத்தில் உள்ள ஒரு பொருள் ஈர்ப்பு சாத்தியமான ஆற்றலைக் கொண்டுள்ளது." இந்த வருஷம் இந்தச் சொல் என் கண்ணில் படாத மாதமே இல்லை. பயிற்சி மையம் ஒன்று அச்சடித்துக் கொடுத்த குறிப்பில் இருந்தது. போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி ஒருவர் கொண்டுவந்த வழிகாட்டியில் இருந்தது. அப்போதெல்லாம் பேனாவால் அடித்துத் திருத்திக் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். இந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பிறகு அப்படி விட முடியவில்லை. அவள் தமிழைச் சரியாகத்தான் புரிந்துகொண்டாள். தப்பு சொல்லில் இருக்கிறது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் கிராவிடேஷனல் பொட்டென்ஷியல் எனர்ஜி. ஒரு பொருளை ஈர்ப்புக்கு எதிராக உயர்த்த நாம் ஒரு வேலை செய்கிறோம். அந்த வேலை வீணாவதில்லை. பொருள் இருக்கும் உயரத்தைப் பொறுத்த ஆற்றலாக அது சேர்கிறது. பொருளைக் கீழே விட்டால் அதே அளவு திரும்பக் கிடைக்கிறது. தரைக்குப் பக்கத்தில் கணக்கு எளிது: தரையைச் சுழியாக வைத்து, நிறையையும் ஈர்ப்பு முடுக்கத்தையும் உயரத்தையும் பெருக்கினால் போதும். 10 கிலோ அரிசிப் பையை ஒரு மீட்டர் தூக்கினால் 98 ஜூல். இதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல் தரும் சொல் ஈர்ப்பு நிலை ஆற்றல். நான் சேர்த்து 'நிலையாற்றல்' என்று எழுதுவேன்.

சொல் வந்த வழி. 'பொட்டென்ஷியல்' லத்தீனின் 'பொட்டென்ஷியா'விலிருந்து வந்தது. வல்லமை என்று பொருள். 'பொட்டென்ஷியல் எனர்ஜி' என்று இரண்டையும் சேர்த்துப் பெயர் வைத்தவர் ஸ்காட்லாந்துக்காரர் ராங்கின், 1853-இல். நம் சொல்லில் 'ஈர்ப்பு', இழுத்தல் என்ற பொருளுள்ள 'ஈர்'. 'ஆற்றல்', செய்தல் என்ற பொருளுள்ள 'ஆற்று'. வேலை செய்யும் திறமே எனர்ஜி என்று பாடத்தில் படிக்கிறோம், அந்த வரையறை தமிழ்ச் சொல்லின் வேரிலேயே கிடக்கிறது. 'நிலை', 'நில்' என்ற வினையிலிருந்து பிறந்தது. அதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

அதற்கு முன் 'சாத்தியமான' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். அகராதியில் 'பொட்டென்ஷியல்' என்று தேடினால் முதலில் வருவது 'சாத்தியமான'. மொழிபெயர்க்கிற ஆளோ எந்திரமோ அதை எடுத்து 'ஆற்றல்' முன்னால் ஒட்டிவிடுகிறது. அவ்வளவுதான் கதை. ஆனால் இதற்கு வக்காலத்து வாங்குபவர்களும் உண்டு. மூலச்சொல்லிலேயே 'கூடும்' என்ற பொருள் இருக்கிறதே, ராங்கின் அப்படித்தானே நினைத்தார் என்பார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ராங்கின் எனர்ஜியை இரண்டாகப் பிரித்தபோது ஒன்றுக்கு 'பொட்டென்ஷியல்' என்றும் மற்றதற்கு 'ஆக்சுவல்' என்றும் பெயர் வைத்தார். வரக்கூடியது ஒன்று, நிஜத்தில் இருப்பது இன்னொன்று. அரிஸ்டாட்டில் காலத்துப் பிரிவு அது. அப்புறம் என்ன நடந்தது? 1860-களில் இயற்பியலாளர்கள் தாம்சனும் டெயிட்டும் அந்த 'ஆக்சுவல்' ஆற்றலை 'கைனட்டிக் எனர்ஜி', அதாவது இயக்க ஆற்றல், என்று எழுதினார்கள். அதுதான் நிலைத்தது. 'ஆக்சுவல்' வழக்கொழிந்தது. உயரத்தில் நிற்கும் கல்லின் ஆற்றலும் ஓடும் கல்லின் ஆற்றலைப் போலவே நிஜமானது. ஒன்றை மட்டும் நிஜம் என்று சொல்ல இயற்பியலில் இடமில்லை. ஜோடியில் ஒன்று போய்விட்டது, மற்றது பழக்கத்தில் தங்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு அது பழைய வீட்டில் மிச்சமிருக்கும் தூண் மாதிரி. அதைப் பார்த்து நாம் புது வீட்டில் ஏன் தூண் எழுப்ப வேண்டும்?

தமிழில் அந்தச் சொல் செய்யும் கேடு இன்னும் பெரிது. 'சாத்தியமான' என்று கேட்டதும் தமிழ்க் காதுக்கு 'நடந்தாலும் நடக்கும்' என்றுதான் விழும். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான் விழுந்தது. மின்வாரியத்திடம் போய் இது 'இருக்கலாம், இல்லாமலும் போகலாம்' என்று சொல்லிப் பாருங்கள். 1895-இல் கட்டி முடித்த பெரியாற்று அணையின் தண்ணீர் தேக்கடியிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக நம் பக்கம் வந்து, ராட்சதக் குழாய்களில் லோயர் கேம்ப் மின்நிலையத்துக்கு இறங்குகிறது. அந்தத் தண்ணீர்தான் பிறகு வைகை அணைக்கு வந்து, மேலூர் வயல்வரை பாய்கிறது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் 100 மீட்டர் இறங்கினால் 9,80,000 ஜூல். கால் யூனிட் மின்சாரத்துக்குக் கொஞ்சம் மேல். மேலே தண்ணீர் நின்றபோதே அந்த ஆற்றல் கணக்கில் இருந்தது. அதில் சந்தேகத்துக்கோ வாய்ப்புக்கோ இடமே இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. நிலையாற்றல் எதிர்க்குறியிலும் வரும். பதினோராம் வகுப்பில் புவியிலிருந்து வெகுதூரத்தைச் சுழியாக வைத்துக் கணக்குப் போடுவார்கள். அப்போது தரையில் கிடக்கும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ மைனஸ் 6 கோடியே 25 லட்சம் ஜூல். அதாவது அந்தக் கிலோவைப் புவியின் பிடியிலிருந்து முழுக்க விடுவிக்க அவ்வளவு செலவழிக்க வேண்டும். நொடிக்கு 11.2 கிலோமீட்டர் என்று படிக்கிறோமே விடுபடு வேகம், அது இந்தக் கணக்கிலிருந்து வருவதுதான். மைனஸ் நிலை என்றால் பிள்ளைக்குப் புரிகிறது. மைனஸ் சாத்தியம் என்றால் என்ன என்று எனக்கே தெரியாது.

சாத்தியம் வடசொல் என்பதால் நான் எதிர்க்கவில்லை. வீட்டில் நானும் 'சாத்தியமே இல்லை' என்று சொல்கிறவன்தான். வடசொல்லாகவே இருந்தாலும் பொருளைச் சரியாகச் சொன்னால் ஏற்றுக்கொள்ளலாம். இது பொருளையே கெடுக்கிறது.

சரி, 'நிலை'க்கு வருவோம். மதுரைக்காரருக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதே இல்லை. சித்திரைத் தேரோட்டம் முடிந்ததும் என்ன கேட்கிறோம்? "தேர் நிலைக்கு வந்துருச்சா?" நான்கு மாசி வீதியும் சுற்றிவிட்டு, தேர் தனக்கென்று உள்ள இடத்துக்கு வந்து சேர்வதுதான் நிலைக்கு வருவது. இங்கே நிலை என்பது இடம். அடுத்து, மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் எத்தனை நிலை? ஒன்பது நிலை. இங்கே நிலை என்பது அடுக்கு, அதாவது உயரம். இடமும் உயரமும் ஒரே சொல்லில் சேர்ந்து கிடக்கின்றன. ஒரு பொருள் எங்கே, எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்த ஆற்றலுக்கு இதைவிடப் பொருத்தமாக எதைத் தேடுவது? 2009-இல் குடமுழுக்கு நடந்தபோது புனித நீர்க் குடங்கள் கோபுரத்தின் உச்சிவரை ஏறியதை நினைத்துக்கொள்ளுங்கள். தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 50 மீட்டர். தண்ணீரோடு 10 கிலோ நிறையுள்ள குடம் நிலைக்கு நிலை ஏறி உச்சிக்குப் போகும்போது அதன் நிலையாற்றல் ஏறத்தாழ 4,900 ஜூல் கூடியிருக்கும்.

நேற்று முளைத்த வழக்கும் இல்லை இது. "நிலையின் இழிந்தக் கடை" என்று குறள் மானத்தைப் பற்றிப் பேசுகிறது. மனிதர் தம் நிலையிலிருந்து கீழே விழுந்தால், தலையிலிருந்து விழுந்த மயிருக்குச் சமம் என்கிறது. நிலை என்றதும் கூடவே மேல், கீழ், விழுதல் எல்லாம் வந்துவிடுவதைப் பாருங்கள்.

ஆனால் நிலையாற்றலிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்க மாட்டேன். சிலர் இதை 'நிலையான ஆற்றல்' என்று விரித்து எழுதிவிடுகிறார்கள். நிலையான என்றால் மாறாத. நிலையாற்றலோ உயரம் மாறும்போதெல்லாம் மாறும். இன்னும் சிலர், ஓய்வில் நிற்கும் பொருளின் ஆற்றல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நிலைமின்னியல் என்ற சொல்லில் நிலை அப்படித்தான் வருகிறது, ஓடாத மின்னூட்டம் என்ற பொருளில். அதனால் குழப்பம் வருவது இயல்பு. ஆனால் யானைமலைக்கு மேலே பறக்கும் பருந்துக்கு இயக்க ஆற்றலும் உண்டு, நிலையாற்றலும் உண்டு. நிற்க வேண்டிய அவசியமே இல்லை. "கோபுர நிலையை நினைச்சுக்கோ, நிக்கிறதை நினைக்காதே" என்று ஒருமுறை சொன்னால் பிள்ளைகள் அதற்கப்புறம் தடுமாறுவதில்லை. 'சாத்தியமான' என்பதற்கு இப்படி ஒரு வழியும் கிடையாது.

'உள்ளுறை ஆற்றல்' என்று எழுதுபவர்களும் இருக்கிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது, தனித்தமிழ் அன்பர்களுக்குப் பிடிக்கிறது. ஆனால் உள்ளுறை வெப்பம் என்று ஏற்கெனவே ஒன்று பாடத்தில் இருக்கிறது. பனிக்கட்டி உருகும்போது வெப்பநிலை ஏறாமல் உள்ளே போகும் வெப்பம். அதைவிட முக்கியம், இந்த ஆற்றல் பொருளுக்கு உள்ளே உறைவதே இல்லை. அதே அரிசிப் பையை நிலவில் ஒரு மீட்டர் தூக்கினால் 98 ஜூல் வராது, 16 ஜூல்தான். பைக்குள் எதுவும் மாறவில்லை, ஓர் அரிசிகூடக் குறையவில்லை. ஆற்றல் பைக்கும் அதை இழுக்கும் கோளுக்கும் பொதுச் சொத்து. 'ஈர்ப்பு நிலையாற்றல்' என்ற சொல்லில் இழுப்பதும் இருக்கிறது, இடமும் இருக்கிறது. நிலவுக்குப் போனால் 'புவியீர்ப்பு' என்று சொல்ல முடியாது, அதனால் பொதுவாக 'ஈர்ப்பு' என்பதே நல்லது.

இலங்கைப் பாடநூல்களில் 'அழுத்த சக்தி' என்று இருக்கும். அங்கே அது பழகிய சொல், அவர்கள் பிள்ளைகளுக்குக் குழப்பம் இல்லை. நாமும் மின்னழுத்தம் என்கிறோமே. ஆனால் இங்கே அழுத்தம் என்றால் டயரில் காற்றழுத்தம், ரத்த அழுத்தம். கொண்டுவந்து போட்டால் நம் பிள்ளைகளுக்குக் குழம்பும்.

பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். 'புவியீர்ப்பு சக்தி' என்று செய்தித்தாளில் வாராவாரம் வருகிறது. கல்லைக் கீழே இழுப்பது விசை. அது இழுக்கும்போது மாறுவது ஆற்றல். எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பது திறன். மூன்று தனித்தனிச் சொற்களைப் பாடநூல் பாடுபட்டு நிலைநிறுத்தியிருக்கிறது. வெளியே வந்தால் மூன்றையும் 'சக்தி' என்ற ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். இப்போது அந்தச் சாக்குக்குள் 'சாத்தியமான' என்பதும் ஏறுகிறது. விளம்பரத்தில் 'சாத்தியமான வாடிக்கையாளர்', மருத்துவக் குறிப்பில் 'சாத்தியமான பக்கவிளைவு'. 'வாங்கக்கூடியவர்', 'வரக்கூடிய பக்கவிளைவு' என்று எழுத எத்தனை நேரம் ஆகிவிடும்? மொழிபெயர்ப்பவர் வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் பாதித் தப்பு அங்கேயே நின்றுவிடும்.

அன்று பாடம் முடிந்து, அந்தப் பிள்ளையின் அப்பா அழைத்துப் போக வரும்வரை தெருமுனை டீக்கடையில் நின்றோம். மாஸ்டர் டீ ஆற்றிக்கொண்டிருந்தார். மேல் கை தலைக்கு மேலே, கீழ் கை இடுப்பருகே. "டீத் தண்டைப் பாரும்மா" என்றேன். பார்த்தாள். டம்ளர் விளிம்பில் விரல் பருமனாகக் கிளம்பும் தண்டு, கீழே வரவர மெலிந்து பென்சில் அளவாகி, கிளாசில் நுரையாக வெடித்தது. "ஏன் சார் மெலியுது?" கீழே வரவர வேகம் கூடுகிறது, அதே அளவு டீ வேகமாகக் கடந்தால் தண்டு மெலியத்தான் வேண்டும். வேகம் எங்கிருந்து வந்தது? மாஸ்டரின் கை அதை ஒரு நிலையில் ஏற்றி வைத்ததிலிருந்து. 150 மில்லி டீ, முக்கால் மீட்டர் இறக்கம், ஒரு ஜூலுக்குக் கொஞ்சம் மேல்.

"தரைல இருந்தா சுழி, சரி. கிணத்துக்குள்ள வாளி இருந்தா சார்?"

"நீயே சொல்லு."

மறுநாள் நோட்டைக் காட்டினாள். 'சாத்தியமான' என்பதை அடித்துவிட்டு 'நிலையாற்றல்' என்று எழுதியிருந்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு கோபுரம், ஒன்பது அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கூட்டல் குறி. கோபுரத்தின் அடியில் சுழி. பக்கத்தில் ஒரு கிணறு, அதற்குள் வாளி, வாளிக்கு நேரே ஒரு கழித்தல் குறி.