தீ ஓடும் வேகமும் தகவல் ஓடும் வேகமும்

பெரிய காட்டுத்தீ ஒன்று பரவிக்கொண்டிருக்கும்போது நம் திரையில் தெரியும் வரைபடம், தீ இந்த நொடியில் எங்கே இருக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. சற்று முன்போ, சில மணி நேரத்துக்கு முன்போ அது எங்கே இருந்தது என்பதையே காட்டுகிறது. அந்த இடைவெளியில் காற்று பலமாக வீசினால் தீ ஒரு பள்ளத்தாக்கையே தாண்டிவிடக்கூடும். தீயணைப்புப் படை, காவல்துறை, உள்ளூர் நிர்வாகம், வானிலை மையம் ஆகியவை சேர்ந்து இயங்கும் அவசரகால ஏற்பாடு முழுவதும் இந்தக் காலதாமதத்தைக் குறைப்பதற்காகவும், குறைக்க முடியாத இடத்தில் அதை ஈடுகட்டுவதற்காகவும் உருவானதுதான் என்று சொன்னால் மிகையாகாது. மக்களுக்கு விடப்படும் அறிவிப்பு என்பது தீயணைப்பு வேலை முடிந்த பிறகு செய்யப்படும் விளம்பர வேலை அன்று. தண்ணீரையும் புல்டோசரையும் போல அதுவும் உயிர் காக்கும் கருவி.

தீ எவ்வளவு விரைவாக ஓடும் என்பதிலிருந்து தொடங்குவோம். காய்ந்த புல்லும் சருகும் கிடக்கும் மலைச்சரிவில் மேல்நோக்கி எரியும் தீ, தனக்கு மேலே உள்ள செடிகளை முன்கூட்டியே சூடேற்றி உலர்த்திவிடுகிறது. ஆகவே சரிவு 10 டிகிரி கூடும்போதெல்லாம் தீயின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது களத்தில் இருப்பவர்கள் பயன்படுத்தும் கணக்கு. இதைவிடக் கொடியவை காற்றில் பறக்கும் கங்குகள். 2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 173 பேர் இறந்த தீயில், எரியும் மரப்பட்டைகள் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவு வரை பறந்து விழுந்து புதிய தீயை மூட்டின. அன்று நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பகல் முழுவதும் வடமேற்குக் காற்றில் நீளவாக்கில் ஓடிய தீ, மாலையில் காற்று தென்மேற்குக்குத் திரும்பியதும் பக்கவாட்டில் நகரத் தொடங்கியது. பல கிலோமீட்டர் நீளமிருந்த அதன் பக்க விளிம்பு முழுவதும் ஒரே வீச்சில் தீயின் முகப்பாக மாறியது. மேரிஸ்வில் என்ற சிறு நகரம் அந்தத் திசைமாற்றத்துக்குப் பிறகுதான் தீயின் வழியில் அகப்பட்டது. காற்று திரும்பப்போகிறது என்று வானிலை மையம் முன்பே சொல்லியிருந்தது. அந்த முன்னறிவிப்பு, 'இன்ன ஊர், இன்ன நேரத்துக்குள் ஆபத்தில் இருக்கும்' என்ற அறிவிப்பாக மாறி வீடுகளைச் சென்றடைவதில்தான் கோளாறு நேர்ந்தது.

தகவல் சிக்கிக்கொள்ளும் முதல் இடம் அமைப்புகளுக்கு இடையிலான இடைவெளி. 1970ஆம் ஆண்டு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கலிபோர்னியாவில் 13 நாள்கள் எரிந்த தீயில் 16 பேர் இறந்தார்கள். சுமார் 700 கட்டடங்கள் அழிந்தன. பின்னர் ஆராய்ந்தபோது, உதவிக்கு வந்த படைகள் வெவ்வேறு வானொலி அலைவரிசைகளில் பேசியதும், ஒரே பொருளை வெவ்வேறு பெயர்களால் குறித்ததும், யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதில் தெளிவில்லாததும் வெளிப்பட்டன. அந்தப் பாடத்திலிருந்து பிறந்த நிகழ்விடக் கட்டளை முறைதான் இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. ஒருவரின் கீழ் மூன்று முதல் ஏழு பேர் மட்டும் இருக்க வேண்டும், சங்கேதக் குறியீடுகளை விட்டுவிட்டு வெளிப்படையான சொற்களில் பேச வேண்டும், களப்பணி, திட்டமிடல், தளவாடம், நிதி என்று பொறுப்புகள் பிரிந்திருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படை விதிகள். இந்த முறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, பொதுத் தகவல் அதிகாரியின் இருக்கை. அவர் எங்கோ தலைமையகத்தில் இருக்கும் செய்தித்தொடர்பாளர் அல்லர். களத்தின் தளபதிக்கு நேரடியாகக் கீழே, பாதுகாப்பு அதிகாரிக்கு இணையாக அமர்த்தப்படுபவர். களத்தில் எடுக்கப்படும் முடிவு அவர் காதில் விழும் நேரத்துக்கும் மக்கள் காதில் விழும் நேரத்துக்கும் உள்ள தூரத்தை இந்த ஏற்பாடு குறைக்கிறது.

அடுத்தது, தீ எங்கே இருக்கிறது என்பதை அறிவது. பூமியைச் சுற்றிவரும் செயற்கைக்கோள்களில் உள்ள அகச்சிவப்பு உணர்விகள் 375 மீட்டர் பக்கமுள்ள கட்டங்களாக நிலத்தைப் பார்த்து, சூடான கட்டங்களைக் குறிக்கின்றன. அவை ஓர் இடத்தை நாளுக்குச் சில முறை மட்டுமே கடக்கும். அந்தத் தரவு வரைபடத்துக்கு வந்துசேர மேலும் சில மணி நேரம் ஆகலாம். வரைபடத்தில் தெரியும் சிவப்புப் புள்ளி அந்தக் கட்டத்தின் மையமே ஒழிய, எரியும் மரத்தின் இருப்பிடம் அன்று. தம் வீட்டின் மேலேயே புள்ளி விழுந்திருப்பதைப் பார்த்து மனமுடைந்துபோகிறவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரே இடத்துக்கு மேலே நிலைத்திருக்கும் வானிலைச் செயற்கைக்கோள்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்க்கின்றன. ஆனால் அவற்றின் கட்டம் கிலோமீட்டர் கணக்கில் பெரியது. துல்லியமான எல்லைக்கோடு பெரும்பாலும் இரவில், நிலம் குளிர்ந்து தீ தனித்துத் தெரியும் வேளையில், விமானத்திலிருந்து எடுக்கப்படும் அகச்சிவப்புப் படத்திலிருந்து வரையப்படுகிறது. காலையில் வெளியாகும் பரப்பளவுக் கணக்கு திடீரென்று கூடியிருப்பதற்குப் பல வேளைகளில் இதுவே காரணம்: இரவு கிடைத்த அளவு அப்போதுதான் கணக்கில் ஏறுகிறது.

இப்படி எப்போதும் சற்றுப் பழையதாகவே இருக்கும் தகவலை வைத்துக்கொண்டு ஊரை எப்போது காலி செய்வது? இதற்கான விடை பின்னோக்கிக் கணக்கிடுவதில் இருக்கிறது. முடிவெடுக்க ஆகும் நேரம், எச்சரிக்கை எல்லோரையும் சென்றடையும் நேரம், மக்கள் முதியவர்களையும் கால்நடைகளையும் ஆவணங்களையும் திரட்டிக்கொண்டு கிளம்பும் நேரம், நெரிசலில் ஊரைக் கடக்கும் நேரம் ஆகிய நான்கையும் கூட்ட வேண்டும். மொத்தம் மூன்று மணி நேரம் ஆகுமென்றும், தீ மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் வருமென்றும் வைத்துக்கொண்டால், ஊரிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி ஒரு கோடு வரைய வேண்டும். கங்கு பறக்கும் தொலைவையும் சேர்த்தால் அந்தக் கோடு இன்னும் தள்ளிப்போகும். ஒரு மலைமுகடு, ஓர் ஓடை, ஒரு சாலை என்று கண்ணால் பார்த்து அறியக்கூடிய அடையாளத்தை ஒட்டி அந்தக் கோட்டை அமைப்பார்கள். தீ அதைத் தொட்டால் விவாதமின்றி உத்தரவு பிறக்க வேண்டும். அதனால்தான் வானம் நீலமாக இருக்கும்போதே வெளியேற்ற உத்தரவு வருகிறது. தேவையற்ற பதற்றம் என்று அதைக் குறைகூறுவது சரியன்று.

அந்தக் கணக்குக்கே இடம் தராத தீயும் உண்டு. 2018 நவம்பர் 8 அன்று கலிபோர்னியாவின் பாரடைஸ் நகருக்குக் கிழக்கே உள்ள மலைப்பகுதியில் காலை 6.30 மணியளவில் மின்பாதைக் கோளாறால் பிடித்த தீ, 8 மணியளவிலேயே நகருக்குள் கங்குகளை வீசத் தொடங்கியிருந்தது. அந்த நகரம் முன்பே தன்னை மண்டலங்களாகப் பிரித்து வைத்திருந்தது. முதன்மைச் சாலையின் எல்லாத் தடங்களையும் ஒரே திசையில் திருப்பிவிட ஒத்திகையும் பார்த்திருந்தது. ஆனால் மண்டலம் மண்டலமாகக் காலி செய்யும் திட்டம், தீ ஒரு திசையிலிருந்து படிப்படியாக வரும் என்ற எண்ணத்தில் தீட்டப்பட்டது. அன்று பல இடங்களில் ஒரே சமயத்தில் தீ முளைத்தது. செல்போன் கோபுரங்கள் எரிந்தன. பலருக்கு எச்சரிக்கையே வந்துசேரவில்லை. 85 பேர் இறந்தார்கள். சாலைகள் அடைபட்டபோது களத்தில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கானோரை அகலமான வாகன நிறுத்துமிடங்களுக்கும் எரிய எதுவுமில்லாத வெட்டவெளிகளுக்கும் திருப்பிக் காப்பாற்றினார்கள். அத்தகைய கடைசிப் புகலிடங்களை முன்கூட்டியே குறித்து மக்களுக்குத் தெரிவித்து வைப்பதும் அறிவிப்புத் திட்டத்தின் பகுதியாக இருக்க வேண்டும் என்பது அன்றைய அனுபவம் காட்டும் தேவை.

எச்சரிக்கை கைபேசியை அடையும் வழிகள் இரண்டு. குறுஞ்செய்தியும் தொலைபேசி அழைப்பும் எண்ணுக்கு எண் தனித்தனியாகச் செல்பவை. எண் பதிவாகியிருக்க வேண்டும், ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பேசும்போது வரிசையில் தேங்கவும் கூடும். கோபுர ஒலிபரப்பு முறை வேறு. ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருவில் போகும்போது வீட்டு எண் கேட்காமல் எல்லோருக்கும் கேட்பதைப் போல, கோபுரம் ஒருமுறை அனுப்புவதை அதன் எல்லைக்குள் உள்ள கைபேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பெறுகின்றன; வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும் அது சென்றடையும். கோபுரத்தின் எல்லை தீயின் எல்லையோடு பொருந்தாது என்பது இதன் குறை. அதிகாரி வரைபடத்தில் வரையும் பலகோணத்தையும் செய்தியோடு அனுப்பி, தான் அதற்குள் இருக்கிறோமா என்று கைபேசியே சரிபார்த்துக்கொள்ளும் வசதி இப்போது வந்திருக்கிறது. தேவையில்லாதவர்களுக்கும் மணி அடித்துக்கொண்டே இருந்தால் அடுத்த மணியை எவரும் பொருட்படுத்தமாட்டார்கள், அவசியமின்றிக் கிளம்பிய வண்டிகள் சாலையையும் அடைத்துவிடும் என்பதால் இந்தத் துல்லியம் மிகவும் முக்கியம். ஆனால் எந்தக் கைபேசி முறையும் மின்சாரத்தையும் கோபுரத்தையும் நம்பியே நிற்கிறது. வானொலியும், காவலர்கள் கதவைத் தட்டுவதும் இன்றும் கைவிடப்படாததன் காரணம் அதுவே.

செய்தி வந்தவுடன் மக்கள் ஓடிவிடுவார்கள் என்று நினைப்பது தவறு. பேரிடர் எச்சரிக்கைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்த டென்னிஸ் மிலெட்டி, ஜான் சோரன்சன் ஆகியோர் காட்டியபடி, எச்சரிக்கை பெற்றவர் முதலில் செய்வது அதை உறுதிப்படுத்திக்கொள்வதுதான்: அண்டை வீட்டாரைக் கேட்பார், உறவினரை அழைப்பார், சன்னலைத் திறந்து பார்ப்பார். இது இயல்பான மனிதப் பண்பு. இதைக் குறைகூறிப் பயனில்லை. அந்த நேரத்தைச் சுருக்குவது செய்தியின் வடிவம்தான். 'அப்பகுதியில் காட்டுத்தீ, எச்சரிக்கையாக இருக்கவும்' என்பது கேள்விகளை மட்டுமே எழுப்பும். 'தீயணைப்புத் துறை: ஆற்றுக்குக் கிழக்கே 4, 5ஆம் மண்டலத்தினர் இப்போதே வெளியேறுங்கள். தீ ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும். வடக்குச் சாலை மூடப்பட்டுள்ளது. தெற்குச் சாலையில் செல்லுங்கள். அடுத்த தகவல் மாலை 3.30க்கு' என்ற செய்தியில், சொல்பவர் யார், ஆபத்து என்ன, எந்த இடம், எவ்வளவு நேரம், செய்ய வேண்டியது என்ன என்ற ஐந்தும் இருக்கின்றன. அதே செய்தி தொலைக்காட்சியிலும் வானொலியிலும் சொல் மாறாமல் வந்தால் ஐயம் விரைவில் தீரும். 2004இல் வரையறுக்கப்பட்ட பொது எச்சரிக்கை நெறிமுறை, ஒருமுறை எழுதியதை எல்லா ஊடகங்களுக்கும் ஒரே வடிவில் அனுப்ப வழிசெய்தது.

அபாயச் சங்குக்கு இந்த ஐந்தில் ஒன்றுகூடக் கிடையாது. 2023 ஆகஸ்ட் 8 அன்று ஹவாயின் லஹைனா நகரம் எரிந்து நூறு பேருக்குமேல் இறந்தபோது, அங்கிருந்த சங்குகள் ஒலிக்கவில்லை. அவை சுனாமியோடு தொடர்புபடுத்திப் பழகியவை என்பதால், மக்கள் மலையை நோக்கி, அதாவது தீயை நோக்கியே ஓடக்கூடும் என்று அஞ்சியதாகப் பொறுப்பிலிருந்த அதிகாரி விளக்கினார். மின்சாரமும் கைபேசித் தொடர்பும் அற்றுப்போன ஊரில் அந்த முடிவு மிகுந்த கண்டனத்துக்கு உள்ளானது. என் பார்வையில் பிழையின் வேர் அந்த நாளுக்கு முன்பே இருக்கிறது: சங்கு கேட்டால் வேறு எங்கே செய்தியைத் தேட வேண்டும் என்பதை அமைதியான நாள்களில் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

தீ சில நாள்கள் நீடிக்கும்போது, அன்றாட அறிவிப்பில் எல்லோரும் தேடும் எண் 'இத்தனை சதவீதம் கட்டுக்குள்' என்பதே. மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் அதுவே. 60 சதவீதம் என்றால் தீயில் 60 சதவீதம் அணைந்துவிட்டது என்று பொருளன்று. தீயின் சுற்றளவு 50 கிலோமீட்டர் என்றால், அதில் 30 கிலோமீட்டருக்குத் தீ தாண்டாது என்று நம்பத்தக்க தடுப்புக்கோடு அமைந்துவிட்டது என்பதே அதன் பொருள். செடி, வேர், சருகு அனைத்தையும் அகற்றி வெறும் மண் தெரியும்வரை சுரண்டிய பட்டை, ஒரு சாலை, ஓர் ஆறு, முன்பே எரிந்து தீர்ந்த நிலம் ஆகிய எதுவும் அந்தக் கோடாகலாம். கோட்டை வெட்டியதும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். அதன் உட்புறம் பல மீட்டர் தொலைவுக்குக் கனலைத் தேடி, கையால் தொட்டுப் பார்த்து அணைத்த பிறகே சேர்ப்பார்கள். ஆகவே ஆயிரம் பேர் இரவு பகலாக உழைத்தும் முதல் சில நாள்களில் எண் பூச்சியமாகவே இருக்கலாம். தீ ஒரு பக்கம் உடைத்துக்கொண்டு சுற்றளவு கூடினால், நேற்றைய 40 இன்று 30 ஆகவும் இறங்கலாம்.

அறிவிப்புகளுக்கு இடையே நிலவும் மௌனத்தை வதந்தி நிரப்பும். புதிதாகச் சொல்ல எதுவுமில்லாவிட்டாலும் சொன்ன நேரத்தில் வந்து, 'காலை நிலவரத்தில் மாற்றமில்லை' என்று அறிவிக்கும் அதிகாரியை மக்கள் நம்புகிறார்கள். ஒவ்வொரு செய்தியிலும் நேரத்தைக் குறிப்பது இதைவிடவும் அவசியம்; நேரமில்லாத செய்தி சுற்றிச்சுற்றி வந்து, திறந்த சாலையை மூடியதாகவும் மூடிய சாலையைத் திறந்ததாகவும் மறுநாள் காட்டிக்கொண்டிருக்கும்.

தீ கடந்துபோன ஊருக்குள் மக்களை உடனே விடாததற்கும் காரணங்கள் உண்டு. வேர் எரிந்த மரங்கள் காற்றில்லாமலே சாயும். அறுந்த மின்கம்பிகள் கிடக்கும். மேலே சாம்பல் மூடிய குழிகளுக்குள் கனல் இருக்கும். பாரடைஸில் அழுத்தம் இழந்த குடிநீர்க் குழாய்களில் பென்சீன் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்திருந்தது தெரியவந்து, வீடு தப்பியவர்களும் நீரைப் பயன்படுத்த வேண்டாம் என்று நீண்ட காலம் அறிவிக்க வேண்டியிருந்தது.

செடியற்ற மலைச்சரிவு மழையை உறிஞ்சாது. 2017 டிசம்பரில் தென் கலிபோர்னியாவில் தொடங்கிய தாமஸ் காட்டுத்தீ முழுவதும் கட்டுக்குள் வந்ததாக அறிவிக்கப்படுவதற்கு மூன்று நாள் முன்னர், 2018 ஜனவரி 9 அதிகாலையில், அது எரித்த மலையிலிருந்து கற்களும் சேறும் பெருக்கெடுத்து மான்டெசிட்டோ ஊரில் 23 பேரைக் கொன்றன. இத்தகைய சரிவுகளுக்குக் கீழே உள்ள ஊர்களுக்காக, 15 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை பெய்தால் மண் பெயர்ந்து வரும் என்பதை நிலவியலாளர்கள் கணக்கிட்டுத் தருகிறார்கள்; வானிலை மையம் அந்த அளவை எல்லையாகக் கொண்டு, மழை தொடங்குமுன்பே வெளியேறும் எச்சரிக்கைக்கு வழிசெய்கிறது.