ஆஞ்சியோ நார்மல், நெஞ்சுவலி மட்டும் ஏன் போகவில்லை?

ஆஞ்சியோ செய்து "அடைப்பு எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டால் வீடே நிம்மதி அடையும். ஆனால் மாடி ஏறும்போது நெஞ்சை அழுத்துவதும் மூச்சு வாங்குவதும் நிற்காமல், அதே ஃபைலோடு திரும்பி வருபவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அதில் மாதவிடாய் நின்ற பெண்கள் அதிகம். சர்க்கரையோ பிரஷரோ கூடவே இருக்கும். "கேஸ்தான், மனசைப் போட்டுக் குழப்பிக்காதே" என்று வீட்டில் முடித்திருப்பார்கள். சில நேரம் எங்கள் துறைக்காரர்களே அப்படித்தான் சொல்லி அனுப்பியிருப்பார்கள்.

ஆஞ்சியோவில் தெரிவது இதயத்தின் மேல்பரப்பில் ஓடும் பெரிய குழாய்கள். அவை 2 முதல் 4 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். அவற்றிலிருந்து பிரிந்து தசைக்குள் இறங்கும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்குழாய்கள் அந்தப் படத்தில் தெளிவாகத் தெரியாது. எந்த நேரத்தில் தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்று தீர்மானிப்பதோ பெரும்பாலும் அவைதான்.

இதயத்தசைக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, வரும் ரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் சுமார் 70 சதவீதத்தை அது எடுத்துவிடுகிறது. வேலை கூடினால் கூடுதலாக உறிஞ்ச அதிகம் மிச்சமில்லை, ரத்த ஓட்டமே கூட வேண்டும். ஆரோக்கியமான இதயத்தில் நுண்குழாய்கள் விரிந்து மூன்று, நான்கு மடங்கு ரத்தத்தைக் கொண்டுவரும். அப்படி விரிய வைப்பதில் குழாயின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடுக்கு முக்கியப் பங்கு உண்டு. பல ஆண்டு சர்க்கரை, பிரஷர், புகை, கொழுப்பு ஆகியவை அந்த உட்சுவரைக் கெடுக்கின்றன. மதகு திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் சேராத கதைதான். ஓய்வில் எடுத்த ஈசிஜி நன்றாக இருக்கும், மாடிப்படியில்தான் பற்றாக்குறை தெரியும்.

இது வலியோடு நிற்பதில்லை. தசை மெல்ல விறைத்து, சுருங்குவது சரியாக இருந்தும் விரிவது கெடலாம். "எக்கோவில் பம்பிங் 60 சதவீதம், பிறகு ஏன் கால் வீங்குகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. பம்பிங் குறையாமலே இதயச் செயலிழப்பு வந்த 202 பேரைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. அவர்களில் நான்கில் மூவருக்கு நுண்குழாய்க் கோளாறு இருந்தது.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஆஞ்சியோவின்போதே மெல்லிய கம்பியைச் செலுத்தி, மருந்து கொடுத்து ரத்த ஓட்டம் எத்தனை மடங்கு கூடுகிறது என்று அளக்கலாம். இரண்டு மடங்குகூட எட்டவில்லை என்றால் கோளாறு. எல்லா ஊரிலும் இந்தச் சோதனை கிடைக்காது, சரி. ஆனால் எளிய தடயங்கள் இரண்டு உண்டு, அவற்றை யாரும் என்னிடம் தானாகக் காட்டுவதே இல்லை. ஒன்று கண் விழித்திரைப் பரிசோதனை. உடலைக் கீறாமல் நுண்குழாய்களை நேரில் பார்க்க முடிகிற இடம் அது. இன்னொன்று சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று காட்டும் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், 30 mg/g-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும். இவை இதய நோயை உறுதி செய்யாது. ஆனால் கண்ணிலும் சிறுநீரகத்திலும் கெட்ட குழாய்கள் இதயத்தில் மட்டும் நன்றாக இருக்கும் என்று நான் நம்ப மாட்டேன். கண் டாக்டர் ரிப்போர்ட்டைக் கண் டாக்டருக்கு மட்டும் என்று வீட்டில் வைத்துவிட்டு வராதீர்கள்.

ஸ்டென்ட் வைக்க இங்கே இடமில்லை. பிரஷரையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்பது, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை, புகையை அறவே விடுவது, தினமும் நடப்பது, வலிக்கேற்ற மாத்திரை, இவ்வளவுதான். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை சிலருக்குச் சரியாகக் கேட்காது. அதனால் வலி பொய் என்று ஆகிவிடாது. ஸ்காட்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், நுண்குழாயைச் சோதித்து அதற்கேற்ப மருந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட வலி குறைந்தது. வாட்ஸ்அப்பில் சுற்றும் பூண்டு-இஞ்சி-எலுமிச்சை-வினிகர் கஷாயம் குழாயைக் கழுவிவிடும் என்று நம்பி ஸ்டாட்டினை நிறுத்துபவர்களும் இருக்கிறார்கள். பூண்டைக் குழம்பில் போட்டுச் சாப்பிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

அப்புறம் ஒன்று. உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சு இறுகி, வியர்த்து, வலி தாடைக்கோ கைக்கோ பரவினால் "போன வருஷம்தான் ஆஞ்சியோ நார்மல்" என்று கணக்குப் போடாமல் 108ஐக் கூப்பிடுங்கள்.