செம்பு வயரில் ஏறி வரும் இடி

சித்திரை பிறந்து முதல் கோடை மழை இறங்கியதும் ஏற்காட்டிலிருந்து எனக்கு ஒரு போன் வரும். "சார், மேல் டேங்க் லெவல் காட்டவே மாட்டேங்குது." மூன்று வருடம் தொடர்ந்து வந்தது.

அது ஒரு காப்பித் தோட்டம். ஓடைப் பக்கம் பம்ப் அறை, அங்கே பிஎல்சி, அதாவது பம்பை ஓட்டும் குட்டிக் கணினி. மேட்டில் தண்ணீர்த் தொட்டி, அதில் நீர்மட்டத்தை அளந்து அனுப்பும் லெவல் டிரான்ஸ்மிட்டர். நடுவே தகவல் போக 800 மீட்டர் ஆர்எஸ்-485 செம்பு கேபிள். நான்தான் போட்டேன். 1200 மீட்டர் வரை தாங்கும் என்று புத்தகத்தில் இருக்கிறதே, 800 தானே என்ற தைரியம். முதல் வருடம் கேபிளை மாட்டும் போர்ட் எரிந்து போனது, மாற்றினேன். இரண்டாம் வருடமும் போக, இடியில் எகிறும் வோல்ட்டைத் தடுக்கும் சர்ஜ் அரெஸ்டர் வைத்தேன். மூன்றாம் வருடம் அரெஸ்டரும் போனது, போர்ட்டும் போனது.

நான் தூரத்தைத்தான் கணக்குப் பார்த்தேன். பூமியைப் பார்க்கவில்லை. ஆர்எஸ்-485 லைனில், வந்து சேரும் சிக்னலைத் தன் பக்கத்து எர்த்தோடு ஒப்பிட்டால் மைனஸ் 7 வோல்ட்டிலிருந்து பிளஸ் 12 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இரண்டு முனைகளின் எர்த்துக்கும் நடுவே அதற்கு மேல் வித்தியாசம் வந்தால் சிப்புக்கு ஆபத்து. இடி நேராக வயரில் விழ வேண்டியதில்லை. சரிவில் எங்கோ ஒரு சில்வர் ஓக் மரத்தில் விழுந்தால் போதும். மின்னோட்டம் மண்ணில் பரவும். பாறை மண்ணில் எர்த் சரியாகக் கிடைக்காது. தொட்டிப் பக்கத்து எர்த்தும் பம்ப் அறை எர்த்தும் அந்த ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் விலகி நிற்கும். இரண்டையும் கட்டிப் போட்டிருப்பது நம் செம்பு வயர்தான். அப்புறம் அது எந்த வழியாகப் போகும்?

சமவெளியிலும் இதே கதை உண்டு, சத்தம்தான் குறைவு. ஆத்தூர் சாலையில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலை. பயோகேஸ் பக்கத்துப் பேனலுக்குத் தனி எர்த் பிட். வெல்டிங் மெஷின் ஓடினால் தகவல் விட்டு விட்டு வரும், நின்றால் சரியாகிவிடும். ஒரு மாதம் சாஃப்ட்வேரைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் செம்பை எடுத்துவிட்டு ஃபைபர், அதாவது ஒளியில் தகவல் அனுப்பும் கண்ணாடி இழை போட்டேன். ஃபைபர் என்றாலே வேகம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இந்தக் கருவிகள் பேசிக்கொள்ளும் மோட்பஸ் முறை ஓடுவதே 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில், அதற்கு அந்த வேகம் எதற்கு? கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. எனக்கு வேண்டியது அதுதான். தூரம் கிடைப்பது கூடுதல் லாபம்: சாதாரணமாக மல்டிமோட் என்ற வகை இழையில் 2 கிலோமீட்டர், சிங்கிள் மோட் என்ற வகையில் 20 கிலோமீட்டர் வரை. இரண்டு முனையிலும் மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் ஒரு கன்வெர்ட்டர் வைத்துவிட்டால் பிஎல்சிக்கு நடுவில் நடந்தது எதுவும் தெரியாது. பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தை, அதாவது டைம்-அவுட்டை மட்டும் கொஞ்சம் கூட்டி வையுங்கள். ஒளி ஒரு கிலோமீட்டரை 5 மைக்ரோ நொடியில் கடந்துவிடும். தாமதம் வந்தால் அது கன்வெர்ட்டர் வேலைதான்.

ஆனால் ஃபைபர் போட்டும் போர்ட் எரிந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன். எலி கடிக்கும், காட்டெருமை மிதிக்கும் என்று கடைக்காரர் ஆர்மர் கேபிளைத் தந்துவிடுவார். உள்ளே கண்ணாடி, வெளியே இரும்பு. அந்த இரும்பை இரண்டு பேனலிலும் கிளாண்ட் (கேபிளைப் பிடிக்கும் உலோக மூட்டு) போட்டு எர்த்தில் இறுக்கினால், எடுத்த செம்புக்குப் பதில் இரும்பைப் போட்டதாக ஆகும். உலோகமே இல்லாத கேபிள் கேட்டு வாங்கி, கெட்டியான பிளாஸ்டிக் பைப்புக்குள் இழுத்துவிடுங்கள்.

இன்னொன்றை எனக்கே யாரும் சொல்லவில்லை. தொட்டிப் பக்கத்துக் கன்வெர்ட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது? பம்ப் அறையிலிருந்து 230 வோல்ட் லைன் இழுத்தால் இடி அந்த வழியாக ஏறிப் போகும். கதவை அடைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த மாதிரி. நான் மேலே ஒரு சின்ன சோலார் பேனலும் பேட்டரியும் வைத்து அந்த லைனையே அறுத்துவிட்டேன்.

மற்றவை சின்ன விஷயங்கள், ஆனால் அலைய வைப்பவை. கனெக்டர் முனையில் ஒரு தூசி இருந்தாலும் ஒளி பாதி வழியில் செத்துவிடும். மாட்டும் முன் ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். 40 கிலோமீட்டர் கன்வெர்ட்டரைக் குட்டி லிங்க்கில் போட்டால் ஒளி அதிகமாகி ரிசீவர் திணறும். இழை முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கவே வேண்டாம்: அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, கெடுதல் மட்டும் தெரியும். இழைகளை ஒட்டும் ஸ்பிளைசிங் வேலையில் உதிரும் கண்ணாடித் துணுக்குகளை டேப்பில் ஒட்டி எடுத்துவிடுங்கள். தோலில் ஏறினால் தேடி எடுப்பது பெரும்பாடு.

வேலைக்கு இரண்டு கோர், அதாவது கேபிளுக்குள் இரண்டு இழை போதும். நான் ஆறு கோர் போட்டேன். முதலாளிக்குக் கொஞ்சம் வருத்தம்.

அதன் பிறகு சித்திரையில் போன் வரவில்லை. ஐப்பசியில் வந்தது. கேபிள் இணைப்புப் பெட்டிக்குள் எறும்பு கூடு கட்டி, ஏதோ ஒரு கோர் ஒடிந்திருந்தது. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போக வேண்டுமே என்று சாவியை எடுத்தவன், சும்மா கேட்டுப் பார்த்தேன். மேலே ஒரு ஆள், கீழே ஒரு ஆள். கன்வெர்ட்டரிலிருந்து இழைக்குப் போகும் இரண்டு பேட்ச் கார்டையும் மூன்றாவது, நான்காவது கோருக்கு மாற்றச் சொன்னேன். முதலில் ஒரு முனையில் அனுப்புவதும் வாங்குவதும் இடம் மாறிப்போனது. மாற்றி மாட்டச் சொன்னேன்.

"லைட் எரியுது சார். டேங்க் பாதிக்கு மேல இருக்கு."

சாவியை ஆணியில் மாட்டினேன்.