வெள்ளை யானை: சயாமிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்

பலன் தராமல் செலவை மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும், கைகழுவவும் முடியாத சொத்தை ஆங்கிலத்தில் ‘ஒயிட் எலிஃபண்ட்’ என்பார்கள். 1976 ஒலிம்பிக்கிற்காக மான்ட்ரியலில் கட்டிய அரங்கத்தை அப்படித்தான் சொல்கிறார்கள். அதன் கடனை அடைத்து முடிக்க 2006 ஆகிவிட்டது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் கதை இது: சயாம், அதாவது இன்றைய தாய்லாந்து மன்னர், தனக்குப் பிடிக்காத பிரபுவுக்கு ஒரு வெள்ளை யானையைப் பரிசளிப்பாராம். அரசர் கொடுத்ததை மறுக்க முடியாது, விற்க முடியாது, புனிதமானது என்பதால் வேலை வாங்கவும் முடியாது. தீனி போட்டே அந்தப் பிரபு ஓட்டாண்டி ஆகிவிடுவார்.

கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் வரலாற்றோடு ஒட்டவில்லை. புத்தரின் தாய் மாயாதேவி கனவில் வெள்ளை யானையைக் கண்டார் என்பது பௌத்த மரபு. அதனால் காட்டில் பிடிபடும் வெள்ளை யானை மன்னருக்கே உரியது. அவர் ஆட்சியின் பெருமைக்கு அடையாளம். அது பால்வெள்ளையாக இருக்காது என்பதையும் சொல்ல வேண்டும். வெளிறிய தோல், நனைந்தால் இளஞ்சிவப்பு, வெளிர்நிறக் கண்ணும் நகமும். இவற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். 1563இல் பர்மிய மன்னர் பயின்னவுங், அன்றைய சயாம் அரசான அயூத்தியாவிடம் இரண்டு வெள்ளை யானைகளைக் கேட்டார். அயூத்தியா மன்னர் சக்கரபத் மறுக்க, போரே மூண்டது. மறு ஆண்டு அயூத்தியா பணிந்தது. ஒரு நாடே போருக்குத் துணிந்து காத்த யானையை வேண்டாதவருக்குத் தூக்கிக் கொடுப்பார்களா? கீழை நாட்டு அரசர்களைப் பற்றி ஐரோப்பியர் சொல்லிப் பரப்பிய கதையாகவே எனக்குப் படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் ஆங்கிலத்தில் நன்றாக வேரூன்றிவிட்டது.

நம் செய்தித்தாள்கள் இதை அப்படியே ‘வெள்ளை யானை’ என்று எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. நமக்கு வெள்ளை யானை என்றால் ஐராவதம். சுந்தரர் கயிலைக்குப் போனது வெள்ளை யானை மீது. தாராசுரத்துச் சிவனுக்கு ஐராவதேசுவரர் என்றே பெயர்.

‘யானையைக் கட்டித் தீனி போடுவது’ என்று நம்மிடமே ஒரு வழக்கு இருக்கிறதே! “அந்தப் பழைய காரை வைத்திருக்கிறது யானையைக் கட்டித் தீனி போடுற மாதிரி” என்றால் யாருக்கும் விளங்கும். ஆனால் அது செலவைத்தான் சொல்கிறது. பலனில்லை என்பதைச் சொல்லாது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘தண்டச் செலவு’ சரியாகப் பொருந்தும்.