ஸ்காலர்ஷிப் வரும்வரை கையிலிருந்து கட்டணம் கட்ட வேண்டுமா? போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை பற்றி ஒரு விளக்கம்

கவுன்சலிங்கில் இடம் கிடைத்த சந்தோஷம் பல வீடுகளில் கல்லூரி அலுவலகக் கவுண்ட்டர் வரைதான் நீடிக்கிறது. “இப்போதைக்குப் பணத்தைக் கட்டிடுங்க, ஸ்காலர்ஷிப் வந்ததும் திருப்பித் தந்துடுவோம்” என்கிறார்கள். அப்பா வட்டிக்கு வாங்கப் போகிறார், அம்மாவின் தோடு அடகுக்குப் போகிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடும்பமாக இருந்து, ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் இந்தக் கடன் தேவையே இல்லை. அந்தக் கட்டணத்தைக் கொடுக்க வேண்டியது அரசு.

திட்டத்தின் பெயர் போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப். 1944 முதல் நடப்பது. பத்தாம் வகுப்புக்கு மேல் பிளஸ் ஒன், ஐடிஐ, டிப்ளமோ, கலை அறிவியல், பொறியியல், மருத்துவம், முதுகலை, ஆராய்ச்சி எல்லாம் இதில் அடங்கும். ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள் படித்தால் மூவருக்கும் உண்டு. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் பிள்ளைகளுக்குத் தமிழக அரசு தன் நிதியிலிருந்தே தருகிறது.

கட்டாயக் கட்டணத்தில், கல்லூரி பிறகு திருப்பித் தராத தொகை (டெபாசிட் போலத் திரும்ப வருவது நீங்கலாக) முழுவதும் இதில் வரும். அதோடு ஆண்டுக்கு ஒரு பராமரிப்புப் படியும் உண்டு. பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய விதிமுறைப்படி, தொழிற்கல்விப் பட்டப்படிப்பில் விடுதியில் தங்குபவருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து போய் வருபவருக்கு 7,000. பி.ஏ., பி.எஸ்சி. போன்ற படிப்புகளுக்கு 6,000, 3,000. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வாங்குபவர்களும் இதற்கு விண்ணப்பிக்கலாம். ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சுயநிதிக் கல்லூரி மாணவர்கள் குறித்துவைத்துக்கொள்ள வேண்டியது, 2012 ஜனவரி 9 தேதியிட்ட ஆதிதிராவிடர் நலத்துறை அரசாணை எண் 6. கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்த கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்கிறது அது. பல குடும்பங்கள் ஏமாறுவது மேனேஜ்மெண்ட் சீட்டில்தான். 2018-ல் வந்த மத்திய விதிமுறை நிர்வாக ஒதுக்கீட்டையும் ஸ்பாட் அட்மிஷனையும் திட்டத்திலிருந்து நீக்கிவிட்டது. “உனக்குத்தான் ஸ்காலர்ஷிப் இருக்கே” என்று சொல்லி, கவுன்சலிங்குக்கே போகவிடாமல் பிள்ளைகளை மேனேஜ்மெண்ட் சீட்டில் சேர்த்துவிடும் ஏஜெண்டுகள் இன்னும் ஊர் ஊராக வருகிறார்கள். அப்படிச் சேர்ந்தால் நாலு வருடக் கட்டணமும் குடும்பத்தின் தலையில்தான் விழும். கவுன்சலிங் மூலம் அரசு ஒதுக்கீட்டில் சேர்வதுதான் பாதுகாப்பு.

பணம் ஏன் இழுத்துக்கொண்டே வருகிறது என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய நிதிவெட்டின் கதை இருக்கிறது. முன்பு ஒரு ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் எவ்வளவு செலவானதோ, அது அப்படியே மாநிலத்தின் பொறுப்பாகிவிடும். அதற்கு மேல் போனால்தான் டெல்லி கொடுக்கும். கட்டணமும் மாணவர் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போக, 2017-ல் பன்னிரண்டாவது திட்டம் முடிந்தபோது அந்தப் பொறுப்பு மாநிலங்களால் தாங்க முடியாத அளவுக்கு உயர்ந்தது. 2017-18 முதல் மூன்று ஆண்டுகள் நாடு முழுவதற்கும் மத்திய அரசு கொடுத்தது ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடி மட்டுமே.

அந்த நாட்களில்தான், 2018 பிப்ரவரியில், டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் மும்பை, துல்ஜாப்பூர், ஹைதராபாத், குவாஹாட்டி வளாகங்களில் மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். இதே உதவித்தொகையில் படித்தவர்களுக்கு இருந்த விடுதி, உணவுக் கட்டணச் சலுகையை நிர்வாகம் நிறுத்தியதே காரணம். கையில் காசிருந்தால்தான் வளாகத்துக்குள் வரலாம் என்றால் உதவித்தொகை எதற்கு என்ற அவர்களுடைய கேள்வி இன்றும் அப்படியே நிற்கிறது.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை முறையை மாற்றியது. பட்டியல் சாதி மாணவர்களுக்கு மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம். பழங்குடியினருக்கு இது 75க்கு 25. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகு, மத்தியப் பங்கு நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வரும். முன்பணம் கேட்காமல் சேர்த்துக்கொள்வதற்காக ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடும் விதிமுறையில் இருக்கிறது.

கணக்குக்கு நேராக வருவதில் இரண்டு சிக்கல்கள். முதலாவது, வரும் தொகையில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் கலந்திருக்கும். முழுவதும் நம் பணம் என்று செலவழித்துவிட்டால் ஹால் டிக்கெட் நேரத்தில் தகராறுதான். வந்த உடனே கட்டணத்தைக் கட்டி ரசீது வாங்கிவிடுங்கள்.

இரண்டாவது இன்னும் மோசம். பாஸ்புக்கில் ஆதார் எண் ஏறியிருந்தால் மட்டும் போதாது. ஆதாரோடு கடைசியாக எந்தக் கணக்கு நேரடி மானியத்துக்கு இணைக்கப்பட்டதோ, பணம் அங்கேதான் போகும். சிம் கார்டு வாங்கும்போது கடைக்காரர் கைரேகை வைக்கச் சொல்லி, மாணவருக்கே தெரியாமல் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கு தொடங்கியிருப்பார். பணம் வரவில்லையே என்று ஒரு வருடம் அலைந்த பிறகு அது அங்கே கிடப்பது தெரியவரும். விண்ணப்பிக்கும் முன்பே வங்கிக்குப் போய், “என் ஆதார் என்பிசிஐ-யில் எந்த வங்கியில் இருக்கிறது?” என்று கேளுங்கள். எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்ற பதிவை வைத்திருக்கும் தேசியப் பணப்பரிவர்த்தனை நிறுவனம்தான் என்பிசிஐ. மாணவர் பெயரிலேயே கணக்கு இருக்க வேண்டும். ஆதாரிலும் மார்க்ஷீட்டிலும் இனிஷியல் மாறியிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள்.

சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இ-சேவை மையத்தில் 60 ரூபாய்க்கு விண்ணப்பிக்கலாம். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும் என்பதால் அட்மிஷன் சமயத்தில் புதிதாக எடுத்துவிடுவது நல்லது. கல்லூரி தரும் யுமிஸ் எண் (உயர்கல்வி மாணவர் தகவல் தளத்தில் மாணவருக்கான அடையாள எண்) இல்லாமல் விண்ணப்பம் நகராது, அதைச் சேர்ந்த வாரமே கேட்டு வாங்குங்கள். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

பணம் கட்டவில்லை என்று டிசி, மார்க்ஷீட் அசலைக் கல்லூரி பிடித்துவைப்பது யுஜிசி 2018-ல் வெளியிட்ட அறிவிப்புக்கு எதிரானது. முன்பணம் கேட்டால் எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் எழுதித் தர மாட்டார்கள். அப்போது அரசாணை எண்ணைக் குறிப்பிட்டு கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். அதையும் அலாட்மெண்ட் ஆர்டரையும் சேர்த்து, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலரிடம் மனுவாகக் கொடுக்கலாம். அங்கே அசைவில்லை என்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடமே கொடுங்கள். தனியாகப் போவதைவிட, அதே கல்லூரியில் அதே பிரச்சினை உள்ள நாலைந்து பேர் சேர்ந்து போனால் கோப்பு வேகமாக நகரும். மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள்.