பூட்டிய கதவைப் படம் எடுக்கும் முன்

கோத்தகிரிப் பக்கம் இருபத்தைந்து வருடமாகப் படம் எடுத்துப் பிழைக்கிறேன். கேமராவோடு மலையேறி வரும் தம்பிகள் இப்போதெல்லாம் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "ஆளே இல்லாத ஊர் எது அண்ணா?"

நீலகிரியில் ஆட்கள் குறைந்தது உண்மை. 2001 கணக்கெடுப்பில் 7,62,141 பேர், 2011இல் 7,35,394. அந்தப் பத்து வருடத்தில் தமிழ்நாட்டில் மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்தது. அப்புறம் ஊட்டி இந்து நகரில் இருந்த பிலிம் தொழிற்சாலை ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸும் மூடிப்போனது. நான் தொழில் பழகியதே அங்கே செய்த பிலிமில்தான். பிள்ளைகள் திருப்பூர், கோவை, பெங்களூர் என்று இறங்கிப் போனார்கள்.

ஆனால் ஆளே இல்லாத ஊரை நான் பார்த்ததில்லை. காலை பதினோரு மணிக்கு ஒரு ஹட்டிக்குள், அதாவது படகர்களின் ஊருக்குள், போய் நின்றால் தெரு வெறிச்சோடித்தான் கிடக்கும். எல்லாரும் தோட்டத்தில் இலை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்து மூடுபனியில் வைட் லென்ஸ் போட்டு, நிறத்தையும் கொஞ்சம் குறைத்துவிட்டால் எந்த ஊரும் செத்த ஊராகத் தெரியும். சாயங்காலம் இலை எடை போடும் இடத்துக்குப் போய்ப் பாருங்கள். மூட்டைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் இருக்காது. அந்தக் கூட்டத்தில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து, தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசைக் குடியிருப்பான லயன் வீடுகளில் குடியிருப்பவர்களும் நிற்பார்கள். அவர்களை ஒதுக்கி ஃப்ரேம் வைப்பதுகூட ஒருவகைப் பொய்தான்.

அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். ஒட்டி ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று, நீலக் கதவு, துருப்பிடித்த பூட்டு, அதன்மேல் சிலந்திவலை. 'கைவிடப்பட்ட வீடு' என்று எழுதி, ஊர்ப் பெயரோடு இணையத்தில் போட்டேன். மூன்றாம் நாள் திருப்பூரிலிருந்து போன். "அண்ணா, வீட்டை விட்டுட்டோம்னு யாரு சொன்னா? ஹெத்தை பண்டிகைக்கு வருஷா வருஷம் வர்றோம். இப்ப புரோக்கருங்க போன் பண்ணி, என்ன விலைன்னு கேக்குறாங்க." ஹெத்தை, படகர்கள் கும்பிடும் தெய்வம். எனக்குப் பதில் வரவில்லை. படத்தை இணையத்திலிருந்து நீக்கிவிட்டேன். நீக்கி என்ன, அதற்குள் எத்தனையோ பேர் அதைப் பகிர்ந்திருந்தார்கள்.

அதிலிருந்து பூட்டிய வீட்டைப் பார்த்தால் முதலில் பக்கத்து வீட்டில்தான் கேட்பேன். சாவி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உரிமையாளரின் நம்பரும் அங்கேயே கிடைக்கும். ஒரு போன் போட்டு, எதற்குப் படம், எங்கே வரும் என்று சொல்லிவிடுவேன். வேண்டாம் என்றால் சரி, அங்கே படம் இல்லை. படக்குறிப்பில் மாதத்தையும் நேரத்தையும் எழுதுவேன். வீடு இருக்கும் ஊரை எழுத மாட்டேன்.

தனியாக இருக்கும் வயதானவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 'பாட்டி தனியாக வசிக்கிறார்' என்ற வரியும் வீட்டின் முகப்பும் லொகேஷனும் ஒன்றாகப் போனால், திருட வருகிறவனுக்கு நாமே வழி காட்டின மாதிரி. தயவுசெய்து செய்யாதீர்கள். படம் எத்தனை பேர் கண்ணில் படும் என்பது பாட்டிக்குத் தெரியாமல் இருக்கலாம். அவர் தலையசைத்தாலும், வெளியூரில் இருக்கும் மகனிடமோ மகளிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த நீலக் கதவு வீட்டுக்கு அடுத்த பண்டிகையின்போது போனேன். திறந்த வாசலில் வெள்ளை உடுத்தி எல்லாரும் நின்றார்கள். அவர்கள் கேட்டதால்தான் படம் எடுத்தேன். இந்த ஊர் ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், பூஞ்சையும் பிடிக்கும். அதனால் நடுவே கனமான அட்டையைச் சட்டமாக வெட்டி வைத்து ஃப்ரேம் போட்டேன். பக்கத்து வீட்டில் இருக்கும் பெரியம்மா பின்னட்டையில் எல்லார் பெயரையும் எழுதச் சொன்னார். பென்சிலில் எழுதினேன், பதினாறு பெயர்கள். பதினேழாவதாகத் தன் பெயரையும் சேர்க்கச் சொன்னார். "நீங்க படத்துல இல்லையே, பெரியம்மா" என்றேன். "சாவி யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார். எழுதினேன்.