கம்பெனி சாதித்தது சரி, நீங்கள் சாதித்தது எங்கே? டெக் நிறுவனர்களுக்கான ஆஸ்திரேலிய இன்னொவேஷன் விசா

ஆஸ்திரேலியா 2024 டிசம்பரில் தன் குளோபல் டேலன்ட் விசாவை நிறுத்திவிட்டு, அதே 858 என்ற எண்ணில் நேஷனல் இன்னொவேஷன் விசாவைக் கொண்டுவந்தது. பணத்தை முதலீடு செய்து உள்ளே போகிற பிசினஸ் இன்னொவேஷன் விசாவுக்கு அதே ஆண்டு ஜூலையிலேயே கதவைச் சாத்தியிருந்தார்கள். அப்போதிருந்து குன்னூரில் என் ஆடிட் அலுவலகத்துக்கு வருகிற இளம் நிறுவனர்களில் பலர் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். பெங்களூரிலும் சென்னையிலும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி, கோத்தகிரியிலோ ஊட்டியிலோ சின்னதாக ஒரு கம்பெனி தொடங்கியவர்கள் இவர்கள். தேயிலைத் தொழிற்சாலைக்கு சென்சார் செய்பவர், கூடலூர்ப் பக்கம் யானை வருவதை எச்சரிக்கும் கருவி செய்பவர், மருந்து ஆராய்ச்சிக்கு மென்பொருள் எழுதுபவர் என்று பல வகை.

விசா வாங்கித் தருவது என் வேலை இல்லை. விண்ணப்பத்தை ஆஸ்திரேலிய வழக்கறிஞரோ, அங்கே பதிவு பெற்ற மைக்ரேஷன் ஏஜென்டோ பார்த்துக்கொள்வார். அவர் அனுப்பும் ஆவணப் பட்டியலுக்குக் கணக்குப் புத்தகங்கள், கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்தவை, காப்புரிமைக் காகிதங்கள் எல்லாவற்றையும் தோண்டி எடுத்துத் தருவது என் பங்கு. அந்த இடத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது, எங்கே விண்ணப்பம் நொண்டுகிறது என்பது நன்றாகத் தெரிகிறது. பெரும்பாலும் திறமைக் குறைவால் அல்ல. செய்ததெல்லாம் கம்பெனி பெயரில் இருக்கிறது, செய்தவர் பெயரில் ஒன்றும் இல்லை.

இந்த விசாவுக்குப் பாயின்ட் கணக்கு கிடையாது, ஸ்கில் அசெஸ்மென்ட் கிடையாது. கிடைத்தால் முதல் நாளிலிருந்தே அங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை, குடும்பத்தோடு. அதற்கு ஈடாக அவர்கள் கேட்பது பெரிது. உங்கள் துறையில் சர்வதேச அளவில் அங்கீகரிக்கப்பட்ட, தலைசிறந்த சாதனைப் பதிவு இருக்க வேண்டும். அந்தத் துறையில் நீங்கள் இன்னமும் முன்னணியில் இருக்க வேண்டும், ஆறு வருடத்துக்கு முன் செய்ததை மட்டும் காட்ட முடியாது. ஆஸ்திரேலியச் சமூகத்துக்கு நீங்கள் ஒரு சொத்தாக அமைய வேண்டும். அங்கே போனால் வேலையிலோ சொந்தத் தொழிலிலோ சிரமமின்றி நிலைகொள்ள முடியும் என்று காட்ட வேண்டும். 55 வயதைத் தொட்டவர்களுக்கும் 18க்குக் கீழே இருப்பவர்களுக்கும் கூடுதல் நிபந்தனை உண்டு. ஆங்கிலத்தில் அடிப்படைத் தேர்ச்சி போதும்.

இதில் எங்கேயும் ‘நல்ல கம்பெனி வைத்திருக்க வேண்டும்’ என்று இல்லை என்பதைக் கவனியுங்கள். “மேடம், கம்பெனியே என்னோடதுதானே, அப்புறம் சாதனை வேற யாரோடது?” என்று ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு உங்களைத் தெரியாது. முதலீடு வந்தது கம்பெனிக்கு. விருது கம்பெனிக்கு. கருவியை வடிவமைத்தது நீங்களா, உங்கள் கூட்டாளியா, சம்பளத்துக்கு வந்த பொறியாளரா என்று காகிதம்தான் சொல்ல வேண்டும்.

ஒரு உதாரணத்தை நெருக்கமாகப் பார்க்கலாம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். தேயிலைத் தொழிற்சாலையில் பறித்து வந்த பச்சை இலையை விதரிங் டிரஃப் என்ற நீளமான தொட்டியில் பரப்பி, காற்றடித்து வாட்டுவார்கள். பச்சை இலையில் 75 முதல் 80 சதவீதம் ஈரம் இருக்கும். சிடிசி என்ற குருணைத் தூளுக்கு அது 70 சதவீதத்தை ஒட்டி இறங்கினால் போதும், இலையைச் சுருட்டிச் செய்யும் ஆர்த்தடாக்ஸ் என்றால் இன்னும் கீழே வர வேண்டும். டீமேக்கர் இலையைக் கையில் பிடித்து அமுக்கிப் பார்த்துத்தான் இதை முடிவு செய்வார். மூடுபனி நாளில் ஒரு மாதிரி, வெயில் நாளில் ஒரு மாதிரி. இந்த ஈரத்தை டிரஃப்பிலேயே தொடர்ந்து அளந்து, ஃபேனைத் தானே கட்டுப்படுத்தும் கருவியை ஒருவர் செய்தார். அருமையான வேலை. நீலகிரியில் விவசாயிகளிடம் இலை வாங்கித் தூளாக்கும் சில பாட்லீஃப் ஃபேக்டரிகளில் ஓடுகிறது, வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒன்றிலும் வாங்கியிருக்கிறார்கள்.

கோப்பைத் திறந்தால்? காப்புரிமை விண்ணப்பத்தில் விண்ணப்பதாரர் கம்பெனி, கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் மூன்று பேர். சோதனை ஓட்டத்தின் முடிவுகள் வாட்ஸ்அப்பில் புகைப்படங்களாக. வெளிநாட்டு ஏற்றுமதிக்கு இன்வாய்ஸ் உண்டு. ஆனால் அந்தத் தொழிற்சாலையில் அது என்ன மாற்றத்தைச் செய்தது என்று அவர்கள் எழுதிக் கொடுத்த ஒரு வரிகூட இல்லை. மூன்று பேரில் சென்சார் வடிவமைப்பும் அல்காரிதமும் இந்த நிறுவனருடையவை, பெட்டியும் வயரிங்கும் மற்றவர்களுடையது. இது ஊருக்கே தெரியும், காகிதத்துக்குத் தெரியாது.

இதைச் சரிசெய்யப் புதிதாக எதையும் இட்டுக்கட்டத் தேவைப்படவில்லை. சோதனை நடந்த ஃபேக்டரிகள் தங்கள் லெட்டர்ஹெட்டில், எந்த மாதத்திலிருந்து ஓடுகிறது, முன்பு என்ன நிலை, இப்போது என்ன நிலை, யார் வந்து நிறுவினார் என்று எழுதித் தந்தன. கூட்டாளிகள் இருவரும் யார் எந்தப் பகுதியைச் செய்தார்கள் என்று கையெழுத்திட்டார்கள். மென்பொருளில் யார் எப்போது எதை மாற்றினார் என்று பதியும் கிட் வரலாறு தேதியோடு இருந்தது, அது நல்ல சாட்சி. மீதிக்கு நேரம் பிடித்தது. சுயேச்சையான ஓர் அமைப்பின் சோதனை அறிக்கையை ஒரு வாரத்தில் வாங்க முடியாது. வால்பாறையில் இருக்கும் உபாசி தேயிலை ஆராய்ச்சி நிலையமோ, ஒரு வேளாண் பல்கலைக்கழகமோ பருவம் பார்த்துத்தான் சோதிக்கும். ஆகவே என் முதல் ஆலோசனை: விசா எண்ணம் இருக்கிறதோ இல்லையோ, கருவி களத்துக்குப் போகும் முதல் நாளிலிருந்தே மூன்றாம் நபரின் எழுத்தை வாங்கி வையுங்கள்.

காப்புரிமை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகக் குழப்பம் இங்கேதான். விண்ணப்பித்தது வேறு, கிடைத்தது வேறு. புரொவிஷனல் என்ற தற்காலிக விண்ணப்பம் போட்டால் 12 மாதத்துக்குள் முழு விவரணையைத் தர வேண்டும், தராவிட்டால் அது போய்விடும். வழக்கமாக 18 மாதம் கழித்துத்தான் வெளியிடுவார்கள். அரசு அங்கீகரித்த ஸ்டார்ட்அப் என்றால் கட்டணத்தில் 80 சதவீதச் சலுகையும், துரிதப் பரிசோதனை கேட்கும் உரிமையும் உண்டு. நீலகிரியில் இருந்து போடுகிறவர்களுக்கு இது சென்னை கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்தின் எல்லை. ‘உலகக் காப்புரிமை’ என்று ஒன்று இல்லை. பிசிடி என்ற சர்வதேசக் காப்புரிமை ஒப்பந்தத்தின் வழியாகப் போடலாம், அதில் வரும் சர்வதேசத் தேடல் அறிக்கை உங்கள் கண்டுபிடிப்பின் புதுமையைப் பற்றி வெளியார் எழுதிய கருத்து, அதனால் அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்தியாவில் வசிக்கும் ஒருவர் இங்கே போடாமல் நேரே வெளிநாட்டில் போடுவதற்கு, காப்புரிமைச் சட்டம் 39ஆம் பிரிவின்படி முன் அனுமதி வாங்க வேண்டும். இங்கே முதலில் போட்டிருந்தால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். அவசரத்தில் இதை மீறினால் இந்திய விண்ணப்பத்தையே இழக்க நேரும்.

அப்புறம் பெயர். நம் ஊரில் இது சாதாரண விஷயம், அங்கே இல்லை. காப்புரிமையில் ‘பி. கார்த்திக்’, பாஸ்போர்ட்டில் ‘கார்த்திக் போஜன்’, கல்லூரிச் சான்றிதழில் ‘கார்த்திக் பி’, ஆய்வுக் கட்டுரையில் ‘போஜன் கே.’ நான்கும் ஒரே ஆள் என்பது நமக்குப் பார்த்தவுடன் புரியும். தூர தேசத்தில் ஒரு மேசையில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியாது. சாதனை உங்கள் பெயரில் இருக்க வேண்டும் என்பதே அடிப்படை என்றிருக்கும்போது, பெயரே நாலு விதமாக இருந்தால் என்ன செய்வது? பாஸ்போர்ட்டில் இருக்கும் வடிவத்தையே இனிமேல் எல்லாவற்றிலும் போடுங்கள். பழையவற்றுக்கு ஒரு பிரமாணப் பத்திரம் தயார் செய்து வையுங்கள்.

இனி நடைமுறை. முதலில் ஈஓஐ என்ற விருப்பப் பதிவு, இதற்குக் கட்டணம் இல்லை. அதைப் பார்த்து அவர்கள் அழைத்தால்தான் விண்ணப்பிக்க முடியும், அழைப்பு வந்த பிறகு 60 நாள். யாரை முன்னே அழைப்பது என்பதற்கும் வரிசை வைத்திருக்கிறார்கள். உலகின் மிக உயர்ந்த விருதுகளைப் பெற்றவர்கள் முதலில். ஆஸ்திரேலிய மத்திய, மாநில அரசு அமைப்புகள் பரிந்துரைப்பவர்கள் அடுத்து. மூன்றாவதாக முக்கியத் தொழில்நுட்பங்கள், சுகாதாரம், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆகிய துறைகள். வேளாண் தொழில்நுட்பம், ஃபின்டெக், பாதுகாப்பு, விண்வெளி, கல்வி போன்றவை நான்காவது. தேயிலைக்கான சென்சார் என்று சொன்னால் நான்காவது. ஆனால் உங்கள் உண்மையான பங்களிப்பு சென்சிங்கிலோ செயற்கை நுண்ணறிவிலோ இருந்தால், அவை ஆஸ்திரேலியாவின் முக்கியத் தொழில்நுட்பப் பட்டியலில் வருபவை. எது உங்கள் துறை என்பதை வழக்கறிஞரோடு உட்கார்ந்து நிதானமாக முடிவு செய்யுங்கள். காகிதங்களும் அதே துறையைத்தான் பேச வேண்டும்.

பரிந்துரையாளர் கட்டாயம். ஆஸ்திரேலியக் குடிமகனோ, நிரந்தரவாசியோ, தகுதியுள்ள நியூசிலாந்துக் குடிமகனோ, ஆஸ்திரேலிய நிறுவனமோ 1000 என்ற எண்ணுள்ள படிவத்தில் பரிந்துரைக்க வேண்டும். அவருக்கும் அதே துறையில் தேசிய அளவில் பெயர் இருக்க வேண்டும். சிட்னியில் இருக்கும் அத்தை மகன் வங்கியில் பெரிய பதவியில் இருந்தாலும், உங்கள் துறையில் இல்லையென்றால் பயனில்லை. ‘நாமினேட்டர் ஏற்பாடு செய்து தருகிறோம், பேக்கேஜ் இவ்வளவு’ என்று சொல்லும் ஏஜென்சிகளிடம் தயவுசெய்து போகாதீர்கள். உங்கள் வேலையை அறியாதவர் எழுதும் கடிதம், படிக்கிறவருக்கு இரண்டாம் பத்தியிலேயே தெரிந்துவிடும். பொய்யான ஆவணம் என்று முடிவானால் நிராகரிப்போடு மூன்று ஆண்டு தடை வரும். அடையாளத்தைப் பற்றிய பொய் என்றால் பத்து ஆண்டு.

காசு கொடுத்து வாங்கும் விருதுகளும் அப்படித்தான். நட்சத்திர ஹோட்டலில் மேடை, கேடயம், பதிவுக் கட்டணம், நாளிதழில் விளம்பரதாரர் பகுதியில் புகைப்படம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல ஆய்வகத்தில் கருவியைச் சோதித்து வாங்கலாமே என்று எனக்கு ஆதங்கமாக இருக்கும். மாறாக, மத்திய அரசின் நிதி-பிரயாஸ், தமிழக அரசின் டான்சீட் போன்ற ஸ்டார்ட்அப் உதவித் திட்டங்களில் போட்டியிட்டுத் தேர்வானதை நம்மவர்கள் பெரிதாக நினைப்பதில்லை. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், நடுவர்கள் யார், ஏன் தேர்வானீர்கள் என்ற விவரத்தோடு வைத்தால் அது வலுவான ஆவணம்.

வருமானமும் ஓர் அடையாளமாகப் பார்க்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவின் உயர்வருமான வரம்பு 2025-26க்கு 1,83,100 டாலர், நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். ஒவ்வொரு ஜூலையிலும் மாறும். இது கட்டாயமில்லை, எட்டாதவர்கள் மற்ற ஆதாரங்களால் ஈடுகட்டலாம். ஆனால் சம்பளமே எடுக்காமல், வீட்டுச் செலவை டைரக்டர் கடனாகக் கணக்கெழுதும் வழக்கத்தை விடுங்கள். சிறிதானாலும் சம்பளமாக எடுத்து, டிடிஎஸ் பிடித்து, ரிட்டர்னில் காட்டுங்கள்.

சாதனைப் பதிவு இன்னும் சேராத இளைஞர்களுக்கு பிரிட்டனின் இன்னொவேட்டர் ஃபவுண்டர் விசா பொருந்தலாம். 2023 ஏப்ரலில் வந்தது. முன்பு கேட்ட 50,000 பவுண்டு முதலீடு இப்போது வேண்டாம். அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்று உங்கள் திட்டம் புதியது, நடக்கக்கூடியது, வளரக்கூடியது என்று ஒப்புதல் தர வேண்டும். ஆங்கிலத்தில் பி2 நிலை, 28 நாள் வங்கியில் இருக்கும் 1,270 பவுண்டு, இடையில் இரண்டு முறை முன்னேற்றப் பரிசீலனை. ஆஸ்திரேலியா செய்து முடித்ததைப் பார்க்கிறது, பிரிட்டன் செய்யப்போவதைப் பார்க்கிறது.

கடைசியாக, இங்கே விட்டுப்போகும் கம்பெனி. இந்தியக் கம்பெனிச் சட்டப்படி ஒரு டைரக்டராவது நிதியாண்டில் 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் மட்டுமே டைரக்டர்கள், இருவருமே கிளம்புகிறார்கள் என்றால் சிக்கல். ஆஸ்திரேலியாவிலும் ஒரு பிரைவேட் கம்பெனிக்கு அங்கே வசிக்கும் டைரக்டர் ஒருவர் வேண்டும், ஆகவே குன்னூரில் இருந்தபடி தனியாக அங்கே கம்பெனி தொடங்க முடியாது. அங்கே பங்கு வாங்க இங்கிருந்து பணம் அனுப்பினால் அது வெளிநாட்டு முதலீடு, வங்கி வழியாக முறைப்படி தெரிவிக்க வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டிவிட்டு விட்டுவிடக்கூடாது. நீங்கள் போன பிறகு சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், உங்கள் பங்குகள் வெளிநாடுவாழ் இந்தியரின் பங்காகிவிடும். ஊரில் இருக்கப்போகும் டைரக்டரை நியமிக்கும் தீர்மானத்தையும் வங்கிக் கையெழுத்து மாற்றத்தையும், அழைப்பு வந்த அந்த 60 நாளுக்குள்ளேயே முடித்துவிடுங்கள்.